மழையை எங்கே அனுப்புவது

இன்று காலை பஸ் உப்பளத்தைத் தாண்டும்போது தூறல் ஆரம்பித்துவிட்டது. ஜன்னல் திறந்திருந்ததால் அந்த வாடை உள்ளே வந்தது. காய்ந்த உப்பில் மழை விழும்போது எழுகிற, சேறும் கடலும் கலந்த, மூக்குக்குள் லேசாக எரிகிற வாடை. பாத்திகளுக்கு நடுவே பெண்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். மிச்சமிருந்த உப்புக் குவியல்கள் மேல் கீற்றையும் தார்ப்பாயையும் இழுத்துப் போட்டு, காற்றில் பறக்காமல் இருக்க ஓரங்களில் மண்ணை அள்ளி வைத்தார்கள். பஸ்ஸில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஐப்பசியில் மழை வருவதில் பார்க்க என்ன இருக்கிறது?

நான் பார்த்தேன். தலையில் துண்டு கட்டிய அந்தப் பெண்களில் யார் எந்தப் பிள்ளையின் அம்மா என்று தேடினேன். நீ பழக்கிவிட்ட பழக்கம் அது. நீ என் பக்கத்தில் உட்கார்ந்து வந்த நாட்களில் உப்பளத்தைக் காட்டி அழகாக இருக்கிறது என்று ஒருமுறைகூடச் சொன்னதில்லை. "அதோ பாரு, நம்ம கௌசல்யாவோட அம்மா" என்பாய். அவள் நிமிர்ந்து பார்ப்பாள் என்பது போல ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி ஆட்டுவாய். நூறு முறை ஆட்டியிருப்பாய். அவள் எப்போதாவது பார்த்தாளா என்று தெரியாது.

நீ மாசியில் போனாய். அதற்குப் பிறகு வருகிற முதல் மழைக்காலம் இது. இதுவரை உனக்கு ஒன்றும் எழுதவில்லை. எழுதினால் நீ இல்லை என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது. இன்று பஸ்ஸிலிருந்து இறங்கியதும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நீ திண்டிவனம் பக்கமிருந்து மாறுதலில் வந்து சேர்ந்த ஜூன் மாதம் நினைவிருக்கிறது. எங்கள் நடுநிலைப் பள்ளியில் உனக்கு ஆறாம் வகுப்பைக் கொடுத்தார்கள். கணக்குப் பாடத்துக்காக அந்த வகுப்புக்கு நானும் போய்க்கொண்டிருந்தேன். ஜன்னல் பக்கம் முழுக்கக் கடற்கரைக் குப்பத்துப் பிள்ளைகள். கதவுப் பக்கம் முழுக்க உப்பளத்தை ஒட்டிய காலனிப் பிள்ளைகள். நடுவில் ஒரு ஆள் நடக்கிற இடைவெளி. முந்தின வருடத் திருவிழாவில் ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போவது என்று தொடங்கிய தகராறு போலீஸ் வரை போயிருந்தது. அதற்குப் பிறகு அந்த இடைவெளி இன்னும் கொஞ்சம் அகலமாகியிருந்தது. புதிதாக வருகிற எல்லா ஆசிரியர்களிடமும் சொல்வதைத்தான் உன்னிடமும் சொன்னேன். பாடத்தை நடத்து, அதில் கை வைக்காதே.

நீ தலையாட்டினாய். மறுநாள் காலை வகுப்புக்குள் வந்து பார்த்தால் பெஞ்சுகள் எல்லாம் சுவரோரம் கிடந்தன. பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நீயும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர்களோடு தரையில் இருந்தாய். உன் பழைய துப்பட்டாவைச் சுருட்டி நூல் கட்டி ஒரு பந்து செய்திருந்தாய். பந்தை யாரிடம் வீசுகிறோமோ அவர்கள் பெயரைச் சொல்ல வேண்டும். கூடவே அவர்களைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்ல வேண்டும். இதுதான் ஆட்டம்.

பந்து குப்பத்துக்குள்ளேயே சுற்றியது. பிறகு நழுவி காலனிப் பக்கம் உருண்டது, அங்கேயே சுற்றியது. நீ சிரித்தபடி பந்தை வாங்கி, குப்பத்துப் பிரவீனிடம் கொடுத்து, எதிரே இருக்கும் காலனிப் பையனுக்கு வீசச் சொன்னாய். பிரவீன் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். "அவன் பேரு தெரியாது டீச்சர்" என்றான். ஒன்றாம் வகுப்பிலிருந்து இருவரும் ஒரே அறையில் படித்தவர்கள். நீ அதிர்ச்சியைக் காட்டவில்லை. "தெரியலன்னா கேட்டுக்கோ" என்று மட்டும் சொன்னாய். அவன் கேட்டான். எதிரே இருந்தவன் பெயரைச் சொன்னான். நல்லதாக ஒன்று சொல்ல பிரவீனுக்கு எதுவும் கிடைக்கவில்லை. வெகுநேரம் யோசித்துவிட்டு, "நெட்டையா இருக்கான்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எதிரே இருந்தவனும் சிரித்தான்.

அன்று பஸ்ஸில் திரும்பும்போது, தினமும் காலையில் பத்து நிமிஷம் இப்படிப் போனால் போர்ஷன் என்ன ஆகும் என்று கேட்டேன். பிள்ளைகள் முன்னால் நாம் ஒருவரையொருவர் டீச்சர் என்போம். பஸ்ஸில் ஏறியதும் வாடி போடி ஆகிவிடும். "பேரு தெரியாதவங்க நடுவுல உக்காந்து உன்னால படிக்க முடியுமாடி?" என்றாய். பையிலிருந்து வேர்க்கடலையை எடுத்து என் கையில் கொட்டினாய்.

பிறகு கை கோத்து ஆடுகிற ஆட்டம் ஒன்றை ஆரம்பித்தாய். அந்த வாரமே பிரவீனின் அப்பா பள்ளிக்கு வந்துவிட்டார். சொந்தப் படகு வைத்திருப்பவர், குப்பத்தில் அவர் சொன்னால் கேட்பார்கள். எச்.எம். சார் உன்னைக் கூப்பிட்டுவிட்டார். துணைக்கு நானும் வந்தேன். பிரவீனின் அப்பா கத்தவில்லை. உட்காரச் சொல்லியும் உட்காராமல், அமைதியாகவே சொன்னார். "படிப்பு சொல்லிக் குடுங்க டீச்சர், வேணாங்கல. எம்புள்ள யாரு கையப் புடிக்கணும்னு நாங்க பாத்துக்குறோம்." எச்.எம். சார் உன் முகத்தையே பார்த்தார். நீ சரிங்க என்றாய். உனக்குக் கோபமா வருத்தமா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் குப்பத்துப் பையன் ஒருவனிடம் சொல்லி, வலையிலிருந்து கழித்துப் போட்ட கயிறு ஒன்றைக் கொண்டுவரச் செய்தாய். இரண்டு முனையையும் சேர்த்து முடிச்சுப் போட்டு வளையமாக்கினாய். மைதானத்தில் எல்லோரும் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளிப்பக்கமாகச் சாய வேண்டும். சாய்ந்தபடியே ஒன்றாக உட்கார வேண்டும், ஒன்றாக எழ வேண்டும். ஒருவர் கையை விட்டாலும் பாதிப் பேர் மண்ணில் விழுவார்கள். முதல் நாள் எல்லோரும் விழுந்தார்கள். அப்புறம் விழவில்லை. நான் உன்னைப் பார்த்ததும், "கையத்தானே புடிக்கக் கூடாதுன்னாரு" என்றாய். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் சொன்னாய். ஆசிரியர் அறைக்கு வந்த பிறகுதான் இருவரும் சிரித்தோம், கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும்.

மழை ஆட்டத்தை நீ கொண்டுவந்தது தை மாதம், உப்பு எடுக்கிற காலம் தொடங்கியபோது. வட்டத்தில் முதல் ஆள் உள்ளங்கைகளைத் தேய்க்க வேண்டும், அது ஒவ்வொருவராகச் சுற்றி வரும். அடுத்த சுற்றில் விரல் சொடுக்கு. அடுத்ததில் தொடையில் தட்டு. கடைசியில் காலால் தரையில் தடதடவென்று மிதி. கண்ணை மூடிக் கேட்டால் கூரை மேல் பெருமழை அடிப்பது போலவே இருக்கும். பிள்ளைகளுக்கு அது பிடித்துவிட்டது. கௌசல்யா மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண் வகுப்பில் வாயைத் திறந்து நான் பார்த்ததே இல்லை. நீ ஆட்டத்தை நிறுத்திவிட்டு, ஏன் ஆடவில்லை என்று கேட்டாய்.

"மழ வேணாம் டீச்சர். மழ பேஞ்சா உப்பு கரைஞ்சிடும். அம்மாவுக்கு வேல இருக்காது."

நானாக இருந்தால் இது வெறும் விளையாட்டு என்று சொல்லியிருப்பேன். நீ அப்படிச் சொல்லவில்லை. "அப்போ இந்த மழைய எங்க அனுப்பலாம்?" என்று வகுப்பைக் கேட்டாய். காலனிப் பக்கமிருந்து ஒரு குரல், கடலுக்கு அனுப்பிவிடலாம், அங்கேதான் யாரும் இல்லை என்றது. பிரவீன் எழுந்து நின்றுவிட்டான்.

"யாரும் இல்லயா? எங்கப்பா இருக்காரு."

காலனிப் பிள்ளைகளுக்கு அது தோன்றியிருக்கவில்லை என்பது அவர்கள் முகத்திலேயே தெரிந்தது. மழை வந்தால் உப்பளத்தில் அடுப்பு எரியாது என்பது குப்பத்துப் பிள்ளைகளுக்கும் அதுவரை தோன்றியதில்லை. கௌசல்யா உன்னைப் பார்க்காமல் நேராக பிரவீனைப் பார்த்து, அப்படியானால் எங்கேதான் அனுப்புவது என்று கேட்டாள். அவர்கள் பேச ஆரம்பித்தார்கள். நீ வாயே திறக்கவில்லை. ஏரிக்கு அனுப்பலாம் என்றான் ஒருவன். ஏரி நிரம்பி உடைந்துவிட்டால் என்று கேட்டாள் இன்னொருத்தி. நிரம்புகிற அளவுக்கு மட்டும் அனுப்பலாம் என்று முடிவானது. அன்றிலிருந்து உன் வகுப்பின் மழை ஆட்டத்தில் ஒரு புது விதி வந்துவிட்டது. மழை பாதி வட்டம் வந்ததும் எல்லோரும் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு சும்மா இருப்பார்கள். மழை கடலையும் உப்பளத்தையும் தாண்டிப் போக வேண்டும் என்பதற்காக. பிறகு ஏரியில் கொட்டித் தீர்ப்பார்கள்.

நான் கணக்கு நடத்தப் போகும்போது பார்த்தேன். அந்த நடு இடைவெளி எப்போது காணாமல் போனது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஒருநாள் அது இல்லை, அவ்வளவுதான்.

பங்குனியில் யாரும் எதிர்பார்க்காத மழை வந்தது. பள்ளி விடுகிற நேரம். வானம் கறுத்ததும் கௌசல்யா பையைக்கூட எடுக்காமல் உப்பளத்துக்கு ஓடினாள். பின்னாலேயே வகுப்பில் பாதி ஓடியது, பிரவீனும்தான். நாம் போய்ச் சேர்வதற்குள் பிள்ளைகள் தார்ப்பாயின் நாலு பக்கமும் நின்று இழுத்துக்கொண்டிருந்தார்கள். கௌசல்யாவின் அம்மா, யார் யார் பிள்ளைகள் என்று புரியாமல், இப்படி இழு அப்படி இழு என்று அதட்டிக்கொண்டிருந்தாள். எல்லா உப்பையும் காப்பாற்ற முடியவில்லை. ஒரு குவியல் நம் கண்முன்னாலேயே சேறாகிப் போனது. பிள்ளைகள் நனைந்து, காலெல்லாம் உப்புப் பட்டு எரிய நின்றார்கள்.

பிரவீனின் அப்பா அங்கேயே வந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். மறுநாள் அவன் பள்ளிக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. வேறு பள்ளியில் சேர்க்கப்போவதாகப் பேச்சு வந்தது. சாயங்காலம் நீ பஸ்ஸுக்கு வராமல் குப்பத்துக்கு நடந்தாய். நானும் உன்னோடு வந்தேன். அவர் படகு நிழலில் உட்கார்ந்து வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். நீ மணலிலேயே அவருக்கு எதிரே உட்கார்ந்துவிட்டாய். அவர் வலையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

"நீங்க நல்லவங்கதான் டீச்சர். ஆனா நாளைக்கு டிரான்ஸ்ஃபர் வாங்கிட்டுப் போயிடுவீங்க. அப்புறம் ஒரு சண்டன்னா இந்தப் புள்ளைங்கதான் நடுவுல மாட்டிக்கும். இங்க இருக்கப்போறது நாங்கதானே."

"நான் எங்கயும் போகலீங்க. இவங்க எட்டாவது முடிக்கிற வரைக்கும் இங்கதான் இருப்பேன்" என்றாய்.

அவர் உன்னை நிமிர்ந்து பார்த்தார். மறுநாள் பிரவீன் வந்தான்.

எனக்கு அப்போது தெரியாது. உன் வீட்டுக்காரர் பின்னால்தான் சொன்னார். அந்த வாரமே நீ பாண்டிச்சேரியில் டெஸ்ட் எடுத்துவிட்டு வந்திருந்தாய். மார்பில் கட்டி இருப்பது உனக்குத் தெரியும், அது என்ன கட்டி என்பது மட்டும் தெரியாது. அதை வைத்துக்கொண்டுதான் அந்த மணலில் உட்கார்ந்து அப்படிச் சொன்னாயா? நம்பிச் சொன்னாயா, இல்லை உனக்கே சொல்லிக்கொண்டாயா? இந்த ஒன்றை மட்டும் உன்னிடம் கேட்க வேண்டும் என்று எத்தனை முறை நினைத்திருக்கிறேன்.

கோடை விடுமுறையில் ஆபரேஷன் முடிந்தது. பிள்ளைகளோடு ஏழாம் வகுப்புக்கும் நீயே வருகிறேன் என்று எச்.எம். சாரிடம் கேட்டு வாங்கியிருந்தாய். சில நாட்கள் வந்தாய், பல நாட்கள் வரவில்லை. பிள்ளைகள் என்னைத் துளைத்தார்கள். காய்ச்சல் என்று சொல்லிவிடட்டுமா என்று போனில் கேட்டேன். "உண்மையச் சொல்லிடு. பொய் சொல்லிட்டு அவங்களோட வட்டத்துல உக்கார முடியாதுடி" என்றாய். சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டமான வகுப்பை நான் எடுத்ததில்லை.

தீபாவளிக்குப் பிறகு ஒருநாள் வந்தாயே, தலையில் துணி கட்டிக்கொண்டு. அதுதான் நீ பள்ளிக்கு வந்த கடைசி நாள். உன்னைப் பார்த்துப் பிள்ளைகள் பயந்துவிட்டார்கள். யாரும் கிட்டே வரவில்லை. நீ நாற்காலியில் உட்கார்ந்து, பந்து எங்கே என்றாய். வட்டம் சேர்ந்தது. உன்னிடம் வந்த பந்தைத் திருப்பி வீச உனக்குக் கை தூக்க வரவில்லை. மடியில் பந்தை வைத்துக்கொண்டு சிரிக்கப் பார்த்தாய். அப்போது பிரவீன் எழுந்து வந்து உன் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். "எங்கிட்ட குடுங்க டீச்சர், யாருக்குன்னு சொல்லுங்க" என்றான். நீ ஒவ்வொரு பெயராகச் சொன்னாய். ஒவ்வொருவரைப் பற்றியும் நல்லதாக ஒன்று சொன்னாய். ஒருவரையும் விடவில்லை. சொல்லி முடிப்பதற்குள் உனக்கு மூச்சு வாங்கியது.

மாசியில் உன் வீட்டுக்காரர் போன் செய்தபோது நான் கரும்பலகையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

பிள்ளைகளை உன் ஊருக்கு அழைத்துப் போக வண்டி கிடைக்கவில்லை. பிரவீனின் அப்பா மீன் ஏற்றுகிற வண்டி இரண்டைக் கழுவிக்கொண்டு வந்து பள்ளி வாசலில் நிறுத்தினார். காலனியிலிருந்து கௌசல்யாவின் அம்மாவும் இன்னும் சில பெண்களும் வந்து தயங்கி நின்றார்கள். "ஏறுங்கம்மா, நேரமாவுது" என்றார் அவர். வழியெல்லாம், நீ அவரிடம் மணலில் உட்கார்ந்து சொன்னதை நான் நினைத்துக்கொண்டே வந்தேன். அவரும் அதைத்தான் நினைத்திருப்பார்.

உன் வீட்டில் உன்னைச் சுற்றிப் பிள்ளைகள் நின்றார்கள். யாரும் சொல்லாமலே வட்டமாக நின்றுவிட்டார்கள். உன் அம்மா அழுகையை நிறுத்தி, இவர்கள் எல்லாம் யார் என்று என்னைக் கேட்டார். அவ கிளாஸ்ம்மா என்றேன். அவர் பக்கத்தில் நின்ற கௌசல்யாவின் கன்னத்தைத் தொட்டு, உன் பேர் என்னம்மா என்றார். அவள் சொன்னாள். உடனே பக்கத்திலிருந்த குப்பத்துப் பெண், "இவ நல்லா பாடுவா ஆயா" என்றாள். அடுத்து அந்தப் பெண் தன் பெயரைச் சொன்னாள். அவளைப் பற்றி அவளுக்கு அடுத்தவன் சொன்னான். அப்படியே வட்டம் முழுக்க வந்தது. "இவன் யாரு விழுந்தாலும் தூக்கிவிடுவான்." "இவ பொய் சொல்ல மாட்டா." உன் அம்மா ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துத் தலையை ஆட்டினார். அவர்கள் விளையாடவில்லை. ஒருவரைத் தெரியப்படுத்த அவர்களுக்கு வேறு வழி தெரியாது. என்னால் அங்கே நிற்க முடியவில்லை. கொல்லைப்பக்கம் போய் அழுதேன்.

அதோடு எல்லாம் மாறிவிட்டது என்று உனக்குப் பொய் எழுத மாட்டேன். திரும்பி வரும்போது காலனிக்காரர்கள் அவர்கள் முனையில் இறங்கினார்கள், வண்டி குப்பத்துக்குப் போனது. இந்த வருடத் திருவிழாவுக்கும் போலீஸ் வந்து நின்றது. உன் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. பிள்ளைகள் எட்டாவதுக்கு வந்துவிட்டார்கள். அவர்களை நான் எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்டு வாங்கியிருக்கிறேன்.

நீ போன மறுவாரம் பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். என்ன ஆட்டம் ஆடலாம் என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. "ஆட வேணாம் டீச்சர். சும்மா உக்காரலாம்" என்றாள் கௌசல்யா. பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்தோம். பல நாட்கள் அப்படித்தான் போயின. எனக்கு விளையாட வராது, உனக்குத் தெரியும். நீ சும்மா நடந்து வந்தாலே பிள்ளைகளுக்குச் சிரிப்பு வரும். நான் ஜோக் சொன்னால் நோட்டை எடுத்துவிடுவார்கள். உன் மேல் எனக்குக் கோபம்கூட வந்தது. இதையெல்லாம் ஆரம்பித்து வைத்துவிட்டு, நடத்தத் தெரியாத என்னிடம் விட்டுவிட்டுப் போய்விட்டாயே என்று.

போன வாரம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு புங்கமரத்தடியில் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். நீ சொல்லிக்கொடுக்காத ஏதோ ஓர் ஆட்டம், அவர்களே கண்டுபிடித்தது. சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் நிறுத்திவிடுவார்கள் என்று நினைத்தேன். கௌசல்யா வந்து என் கையைப் பிடித்து நடுவில் நிறுத்தினாள். கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். சுற்றி நிற்பவர்களில் ஒருவர் டீச்சர் என்று கூப்பிடுவார். அது யார் என்று சொல்ல வேண்டும்.

மூடிக்கொண்டேன். ஒரு குரல் கூப்பிட்டது, சொன்னேன். இன்னொன்று, அதையும் சொன்னேன். உடைகிற குரலை மாற்றிப் பேசிப் பார்த்தான் பிரவீன். அவனையும் கண்டுபிடித்துவிட்டேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஒருவரைக்கூடத் தவறவிடவில்லை. எந்தக் குரல் எந்த வீட்டிலிருந்து வருகிறது, காலையில் அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும் என்பதுகூடத் தெரிந்தது. இத்தனை குரல்கள் எப்போது எனக்குள் வந்து சேர்ந்தன என்று தெரியவில்லை. அடுத்த வருடம் அவர்கள் மரக்காணத்துப் பள்ளிக்குப் போய்விடுவார்கள். அப்போதும் இவை என்னிடம் இருக்கும்.

எல்லாக் குரலும் முடிந்துவிட்டது. நான் கண்ணைத் திறக்கவில்லை. டீச்சர் என்று பிள்ளைகள் முன்னால் கூப்பிடுகிற இன்னொரு குரலுக்காக நின்றுகொண்டிருந்தேன். மரத்தில் காற்றுச் சத்தம் மட்டும் இருந்தது. பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டது போல, யாரும் அசையவில்லை. பிறகு கௌசல்யா கிட்டே வந்து மெதுவாகச் சொன்னாள்.

"அவ்ளோதான் டீச்சர். கண்ணத் தொறங்க."

திறந்தேன்.